அக்காவின் ஓட்டு

அந்தக் காலத்தில் ஓட்டுப் போட முகம் போதும். பள்ளிக்கூடத்து அறையில் சுவரோரமாக ஒரு பெஞ்சு கிடக்கும். ஒரு முனையில் எங்கள் கட்சி ஏஜென்டாக நான், மறுமுனையில் எதிர்க்கட்சி ஏஜென்டாக என் அக்கா புருஷன். நான் சலூன்காரன், அத்தான் டெய்லர். ஏரியாவில் எங்கள் இருவர் கைக்கும் தப்பிய ஆள் கிடையாது. அதிகாரி பெயரைப் படிப்பார். நாங்கள் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினால் விரலில் மை.

ஒருமுறை செத்துப்போனவர் பெயரில் எவனோ வந்து நின்றான். அத்தான் அவனை ஏற இறங்கப் பார்த்து, "இவருக்குக் கடைசிச் சட்டை நான்தானேப்பா தைச்சேன். அதைப் போட்டுக்கிட்டுப் போனவரு திரும்பி வந்துட்டாரா?" என்றார். வந்தவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

கட்சி ரோஷத்தில் காலையிலிருந்து நானும் அவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டோம். மதியம் அக்கா தூக்குச்சட்டியோடு வருவாள். இரண்டு கட்சிக்கும் ஒரே சட்டி. அதற்குப் பிறகு ரோஷமாவது ஒன்றாவது.

அந்தப் பெஞ்சில்தான் அதுவும் நடந்தது. வெளியே ஏதோ சண்டை என்று நான் எழுந்து போயிருந்த நேரம், அதிகாரி அக்கா பெயரைப் படித்திருக்கிறார். ஊரார் பெயருக்கெல்லாம் உச்சி முதல் பாதம் வரை அளவெடுக்கிற மனுஷன், சொந்தப் பெண்டாட்டி பெயரைக் கேட்டதும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டிவிட்டார். எவளோ ஒருத்தி போட்டுவிட்டுப் போய்விட்டாள். வீட்டு வேலை முடித்து, தலைவாரி, நல்ல துணி உடுத்தி வந்த அக்காவிடம், "உங்க ஓட்டு விழுந்துடுச்சேம்மா" என்றார் அதிகாரி. அக்கா பெஞ்சை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அன்று தூக்குச்சட்டி வரவில்லை.

அதிலிருந்து அத்தானுக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஒரே பேச்சு. போட்டோ கார்டு இல்லாமல் எவனையும் உள்ளே விடக்கூடாது. என் சலூனில் உட்கார்ந்துதான் வாதாடுவார். பாதி மழித்த முகத்தோடு வாடிக்கைக்காரர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள்.

"தெரிஞ்ச முகத்துக்கு எதுக்கு அத்தான் கார்டு? போட்டோ எடுக்க வழியில்லாதவன் என்ன செய்வான்? அவன் மனுஷன் இல்லையா?"

"தெரிஞ்ச முகம்னுதானே மாப்ளே நான் நிமிரல. கார்டைக் கட்டாயம் பார்த்தாகணும்ல."

நான் திரும்பிக்கொண்டு கத்தியைத் தீட்டுவேன். இத்தனை பேசிய நாங்கள் அக்காவிடம் அவள் அபிப்பிராயத்தை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஒருவழியாகச் சட்டமும் வந்தது. பெஞ்சு போனது, முகம் தெரியாத ஏஜென்டுகள் வந்தார்கள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டுப் போடும் நாள் காலையில் அக்காவின் கார்டுக்கென்று துணியில் ஒரு உறை தைத்தார். தைத்ததோடு விட்டாரா? தொழில் புத்தி! மடிப்பு படியவில்லை என்று கார்டை உள்ளே வைத்தபடியே இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தித் தேய்த்துவிட்டார்.

மேஜைக்கு முன்னால் உறையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பிளாஸ்டிக் உருகி, அக்காவின் முகம் இருந்த இடத்தில் ஒரு பழுப்புக் கொப்புளம்.

"வேற போட்டோ கார்டு ஏதாவது இருக்காம்மா?" என்று அதிகாரிப் பெண் கேட்டாள்.

இல்லை. வீட்டில் எல்லாமே அத்தான் பெயரில்.

"நம்ம டெய்லர் வீட்டு அக்காங்க, விடுங்க" என்று வரிசையே சொன்னது. நான் மார்தட்டிக்கொண்டு முன்னால் போனேன். "என் கூடப் பொறந்தவங்க. நான் சொல்றேன், போதாதா?"

"எனக்கும் இவங்கதான்னு தோணுது சார். ஆனா நான் கார்டைத்தான் பார்க்கணும்."

அக்கா வெளியே வந்து மதில் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் தன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்த மாதிரி நின்றார். என் வாதம் ஜெயித்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அக்கா பக்கத்தில் போய் நின்றேன்.

"நிக்கிறீங்களே, போய்ப் போடுங்க. ஒரே வீட்ல ரெண்டு ஓட்டும் வீணாப் போகணுமா?" என்றாள் அக்கா.

"உனக்கு இல்லாத ஓட்டு எனக்கு எதுக்கு?"

"அப்போ என் ஓட்டைப் போட்டுட்டு வாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே? நம்ம கட்சிக்குத்தானே நீ போடுவே?"

அக்கா சிரித்தாள். "யாரு சொன்னா? என்னிக்காவது கேட்டீங்களா?"

எனக்குத் தலையில் கிரீடம் ஏறியது. தம்பி பாசம்! அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ எதுக்குடா பல்லைக் காட்டுறே? உன் கட்சிக்கும் இல்ல. ஆஸ்பத்திரி நர்சம்மா தனியா நிக்கிறாங்கல்ல, அவங்களுக்கு. முதல் தடவை நின்னதுலேருந்து அவங்களுக்குத்தான்."

ஒவ்வொரு தேர்தலிலும் டெபாசிட் இழக்கிற அந்த நர்சம்மாவை நானும் அத்தானும் கிண்டலடித்த கிண்டலுக்கு அளவே இல்லை. சட்டியிலிருந்து எங்களுக்குப் பரிமாறிக்கொண்டே அக்கா அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அத்தான் உள்ளே போனார். கட்சியை உயிராக நினைத்த மனுஷன். வெளியே வந்தபோது முகம் கஷாயம் குடித்த மாதிரி இருந்தது. அக்கா முன்னால் வந்து நின்றார்.

"போட்டுட்டேன். உன்னோடதை."

அக்கா அவர் கையைப் பிடித்து எழுந்தாள். தெருவில் கைபிடித்து நடக்கிற பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. அன்று வீடு வரைக்கும் விடவில்லை. நர்சம்மாவுக்கு வழக்கம்போல டெபாசிட் போனது.

அக்கா புதுக் கார்டு வாங்கினாள். அதை வைத்து ஓட்டுப் போட அவளுக்கு வாய்க்கவில்லை. அடுத்த தேர்தல் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அத்தான் மட்டும் தேர்தல் தவறாமல் போய் அவள் ஓட்டைப் போட்டுவிட்டு வருகிறார். கட்சிக்காரர்களிடம் மூச்சு விடுவதில்லை.

போன தேர்தலில் அவருக்குப் பின்னால் நான் நின்றேன். நானும் நர்சம்மாவுக்குத்தான் போட்டேன். அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை.