பெயர் வரும் அடி

என் ருபாப் என்ற தந்தி வாத்தியம் இதுவரை குணப்படுத்தியவை: காய்க்காத ஒரு பாதாமி மரம், ஓர் அதிகாரியின் விக்கல், பனியில் உறைந்த ஒரு லாரி. அந்த லாரி கிளம்பிய வேகத்தில், ஓட்டுநரை விட்டுவிட்டுக் கணவாயையே தாண்டிப் போய்விட்டது. ஆகவே என் நண்பன் கதம்ஷோ படுத்த படுக்கையானதும் அவன் மனைவி தவ்லத்மோ என்னிடம் வந்தாள். நகரத்து மருத்துவர்கள் அவன் நுரையீரலைப் படமெடுத்துப் பார்த்து, வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணே, உங்க புளுகுல பாதியாச்சும் நெசமா இருந்தா, இப்ப வந்து காட்டுங்க."

போனேன். கதம்ஷோ சுவரோரம் சுருண்டு கிடந்தான்.

"வாடா குஷ்நஸர். குணமாக்க வந்தியா, எடுத்துப் போட வந்தியா?"

நியாயமான கேள்விதான். எங்கள் பாமிர் மலையில் நோயாளிக்குப் பாடுகிறவனே பிணத்துக்கும் பாடுகிறான். மத்தோ என்ற அந்தத் துதிப்பாட்டும் ஒன்றுதான்.

"ரெண்டுக்கும் ஒரே பாட்டுடா. நீ எதுக்கு வேணா வச்சுக்க."

மத்தோ தொடங்கிவிட்டால் முடியும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. இயற்றியவன் பெயர் வரும் கடைசி அடியோடுதான் பாட்டு முடியும். பிற்பகலில் தொடங்கினேன். சற்று நேரத்தில் கதம்ஷோவின் இருமல் அடங்கியது. எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தான். "தந்திய முறுக்குடா, கழுத கத்துற மாதிரி இருக்கு" என்றான். தவ்லத்மோ மாதக்கணக்கில் சிரிக்காதவள், சிரித்தாள்.

அப்போது கதவு திறந்தது. முன்பின் பார்த்திராத ஒருவர் வந்தார். வெளியே இடுப்பளவு பனி. அவர்மேல் ஒரு துளி இல்லை. பூட்ஸைக் கழற்றி வைத்தார், நெஞ்சில் கை வைத்து வணங்கினார், பாட்டு நடக்கிறதே என்று தூணோரம் உட்கார்ந்தார். தவ்லத்மோ வழக்கம்போல் உப்புப் போட்ட பால் தேநீரை நீட்டினாள். அவர் கை பட்டதும் அது உறைந்துவிட்டது. நாகரிகம் தெரிந்தவர், கடித்தே தின்று முடித்தார்.

"எனக்கு வந்த விருந்தாளிடா," என்றான் கதம்ஷோ. "நிறுத்திடாத."

நிறுத்தவில்லை. தெரிந்த அடிகள் தீர்ந்தன. நானே கட்டத் தொடங்கினேன். செத்துப்போன அவன் ஆடுகளைப் பாடினேன், என் மைத்துனனின் குறட்டையைப் பாடினேன், அந்த லாரியின் உதிரிப் பாகங்களை ஒவ்வொன்றாகப் பாடினேன். மறுநாள் பிற்பகலும் ஆயிற்று. வந்தவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் பாட்டு அவரைத்தான் உட்கார வைத்தது. முன்பே உள்ளே குடியிருந்த நோய்க்கு அந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை. இருமல் திரும்பியது. குடித்த சூப் இரத்தத்தோடு வெளியே வந்தது. கதம்ஷோ பாயைப் பிடித்துக்கொண்டு அலறினான். நான் அவனைவிட உரக்கப் பாடினேன்.

"டேய், போதும்டா. ஆட்டையெல்லாம் பாடிட்ட, மிச்சம் நீதான். முடிச்சிடு."

"முடிக்காதீங்கண்ணே!" என்றாள் தவ்லத்மோ. அவன் மறுபடி அலறியதும் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"பாடிடுங்கண்ணே. கடைசி அடிய."

அடிகளெல்லாம் என்னுடையவை. ஆகவே என் பெயரைத்தான் வைக்க வேண்டியிருந்தது. வைத்தேன்.

வந்தவர் எழுந்தார். கதம்ஷோவின் கை பாயை விட்டது. கதவோரம் ஒரு ஜோடி பூட்ஸ் குறைந்தது. கதம்ஷோவுடையது அங்கேயே கிடந்தது.

போகும்போது அவர் வாசலில் நின்று, என் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். உச்சரிப்பு சரியாகவே இருந்தது.