சோபா தூக்கிய அன்று நீலத்தில் வந்த வரி

1

இந்தக் கதை ஒரு வசவில் பிறந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பழைய படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். சப்டைட்டிலில் எழுத்து கறுப்பாகவும் ஓரம் வெள்ளையாகவும் இருந்தது. நியாயமாக அது நேர்மாறாக இருக்க வேண்டும். இருட்டுக் காட்சி வந்தால் வெறும் ஓரக்கோடுதான், எழுத்தையே காணோம். எந்த மகாராசன் பார்த்த வேலை இது என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டி முடித்ததும் அந்த மகாராசனைப் பற்றி யோசனை வந்தது. அவருக்கும் ஒரு வீடு இருக்கும், வீட்டில் மாமியார் இருப்பார். மாமியார் வந்துவிட்டால் கதை வராமல் எங்கே போகும்?

2

தொடக்கம் ஒன்று: மழை பெய்த ஒரு மாலையில் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து

(வேண்டாம். மழைக்கு இங்கே என்ன வேலை?)

தொடக்கம் இரண்டு: நிறம் என்பது மனிதன் தன் தனிமைக்கு

(ஐயோ. இப்படி எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.)

நேராகவே சொல்கிறேன். மாப்பிள்ளைக்குத் தொழில், பழைய வீடியோ டிஸ்குகளைப் புது டிவியில் ஓடும் ஃபைலாக மாற்றிக் கொடுப்பது. குடியிருப்பது மனைவியின் பெற்றோரோடு, முன்னறைதான் ஆபீஸ். மாமனாருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. அவருக்குப் பிடித்த படம் ஒன்றே ஒன்று: இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று மகள் எடுத்த வீடியோ. வாசலில் சோபா சிக்கிக்கொள்கிறது, ஆளாளுக்குத் தள்ளுகிறார்கள், ஒருவரையொருவர் திட்டுகிறார்கள், சோபா உள்ளே போகிறது. சுபம்.

அவருக்காக மகன் அதை டிஸ்கில் ஏற்றி, சப்டைட்டில் போட்டு, ஆளுக்கொரு நிறம் கொடுத்திருந்தான். மாமியார் மஞ்சள், மகள் பச்சை, மகன் நீலம். மஞ்சளில் வருவதெல்லாம் வசவு. நீலத்தில் ஒரு வரி வரும்: "அப்பாவுக்கு முதுகு தாங்காது. விடச் சொல்லு, அந்தப் பக்கம் நான் புடிச்சுக்கறேன்." வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் அங்கே நிறுத்தி, என் பையன் தங்கம் என்பார். சொல்லிவிட்டு ஏனோ மாமியார் முகத்தைப் பார்ப்பார்.

டிஸ்க் பிளேயர் மண்டையைப் போட்டது. மாப்பிள்ளை வீடியோவை ஃபைலாக மாற்றினார். சப்டைட்டிலில் மொத்தக் குடும்பமும் சாம்பல் நிறமாகிவிட்டது.

3

(இந்தப் பகுதியில் கொஞ்சம் பாடம் உண்டு. தாண்டிப் போகாதீர்கள், கதையின் முடிச்சே இதில்தான்.)

டிஸ்கில் சப்டைட்டில் என்பது எழுத்து அல்ல, குட்டிக் குட்டிப் படங்கள். அந்தப் படங்களிலும் நிறம் கிடையாது, எண்தான் இருக்கும். மூன்று என்றால் மஞ்சளா நீலமா என்பது வேறொரு ஃபைலில் கிடக்கும். மாப்பிள்ளை அந்த ஃபைலை எடுக்காமல் விட்டுவிட்டார். டிஸ்கில் அந்த இடத்தில் கீறல் வேறு.

ஆகவே ஒவ்வொரு எண்ணும் யாருடையது என்று குரலைக் கேட்டு, நிறத்தைத் திரும்பப் பூச வேண்டியதாயிற்று. பூசும்போதே கொஞ்சம் மேம்படுத்தினார். சுத்த நீலம் இருட்டில் தெரியாதென்று வெளுப்பாக்கினார், எழுத்துக்குக் கறுப்பு ஓரம் கட்டினார். அந்தத் தங்கமான வரிக்கு வந்தபோதுதான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். எண் மகனுடையது. குரல் மாமியாருடையது.

மச்சானைப் போனில் பிடித்துக் கேட்டார். அம்மா இப்படியெல்லாம் பேச மாட்டாங்களே, அதனால நான்தான் பேசியிருப்பேன்னு நெனச்சு நீலம் போட்டேன் என்றான்.*

* இவனை வில்லனாக்கலாமா என்று பார்த்தேன். அந்த அளவுக்குப் புத்தி போதாது.

4

மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை காலம் ஒரு மனுஷி சொன்ன நல்ல வார்த்தைக்கு இன்னொருவன் பெயர் வாங்கியிருக்கிறான். சமையலறைக்குப் போய், மஞ்சளாக்கிவிடட்டுமா அத்தை என்று கேட்டார்.

மாமியார் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நீலமாவே இருக்கட்டும் மாப்பிள்ளை. நான் சொன்னதுன்னு தெரிஞ்சா அந்த மனுஷனுக்கு எம்மேல இருக்கற பயமே போயிரும்."

5

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை சும்மா இருக்கிற ஆள் இல்லை. (நான்தான் விடவில்லை.) மாமனாரிடம் போய், அந்த வரி மச்சான் சொன்னதுதானா மாமா என்று போனில் டைப் அடித்துக் காட்டினார்.

மாமனார் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், மாப்பிள்ளையின் காதருகே வந்து ரகசியம் சொன்னார். காது கேட்காதவர் சொல்லும் ரகசியம் தெருமுனை வரை கேட்கும்.

"அந்த நேரத்துல பையன் வாய் நிறைய பிஸ்கட் மாப்பிள்ளை. வீடியோலயே நல்லாத் தெரியுதே. சொன்னது அவதான். நீங்க மாத்திராதீங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா வெக்கப்பட்டுக்கிட்டுத் திட்றத விட்ருவா. நீங்கல்லாம் போனப் பாத்துக்கிட்டே பேசறீங்க. அவ ஒருத்திதான் நேரா என் மூஞ்சியப் பாத்துத் திட்றா. வாயசைவுல ஒரு எழுத்து விடாம எனக்குப் புரியுது."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமியாருக்குக் கேட்டுவிட்டது என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். மாமனாருக்குத் தெரியாது.

மாமியார் ஈரக்கையோடு வந்தார். கணவருக்கு நேர் எதிரே நின்று, சோபாமேல் ஈரத் துண்டைப் போட்டதற்காகத் திட்டத் தொடங்கினார். வழக்கத்தைவிட நிதானமாக, வாயைக் கொஞ்சம் அதிகமாகவே திறந்து. மாமனார் தலை குனிந்துகொண்டு, கண்ணை மட்டும் உயர்த்தி, முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

6

முடிவு ஒன்று: மாப்பிள்ளை வரியை மஞ்சளாக்குகிறார், எல்லோரும் அழுகிறார்கள். (எனக்கே சகிக்கவில்லை.)

முடிவு இரண்டு: நீலமாகவே விடுகிறார். (மச்சானுக்கு இன்னும் எத்தனை பேரிடம் நல்ல பெயர்?)

மாப்பிள்ளை என்னைவிடக் கெட்டிக்காரர். ஒரே ஃபைலில் இரண்டு சப்டைட்டில் வைத்துவிட்டார். ஒன்றில் அந்த வரி நீலம், இன்னொன்றில் மஞ்சள். ரிமோட்டில் ஒரு பட்டன் அழுத்தினால் மாறிவிடும். வைத்தவர், பழி யார் தலையில் விழுமோ என்று வெளியே கிளம்பிவிட்டார்.

வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. சோபா வாசலில் சிக்கிவிட்டது. மகன் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிறான். மாமனாரும் மாமியாரும் அதே சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள், ரிமோட் அவர்களுக்கு நடுவில். நான் தொடமாட்டேன், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்துவதாக இருந்தால் சீக்கிரம், வரி வரப்போகிறது. ஆனால் அதற்கு முன்னால் மாமனாரை ஒரு தடவை பாருங்கள். அவர் டிவியைப் பார்க்கவில்லை.