இறால், பாறை, நண்டு, கிளி

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் கோட்டுச்சேரிமேட்டு ஆம்பளைகள் இரண்டு வகை. வலையைச் சீர்பார்க்கிறவர்கள் ஒரு வகை. சீர்பார்ப்பதாக வீட்டில் சொல்லிவிட்டுச் சீட்டாடுகிறவர்கள் இன்னொரு வகை. தங்கப்பன் இந்த வருடம் இரண்டிலும் சேரவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து மேளம் அடித்தான்.

தோல் மேளம் இல்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நாலு ரப்பர் தட்டு, காலால் மிதிக்க ஒரு கட்டை, டிவியில் சொருக ஒரு கறுப்புப் பெட்டி. வீடியோ கேம். தருமபுரத்தில் ஏசி ரிப்பேர் பார்க்கும் மச்சினன் சிலம்பரசன் கொண்டுவந்து வைத்தது. வீட்டைக் காலி செய்த யாரோ ஒருவர் இனாமாகக் கொடுத்தாராம். சிலம்பு இருந்தது மாடிப் போர்ஷன். அவன் கட்டையை மிதித்த மிதியில் கீழ்வீட்டில் சுண்ணாம்பு உதிர்ந்து சோற்றில் விழ, வீட்டுக்காரர் தட்டோடு மேலே வந்துவிட்டார். அன்றைக்கே மேளம் ஆட்டோ ஏறி அக்கா வீட்டுக்கு வந்தது.

ஆட்டம் இதுதான். பாட்டு ஓடும்போது டிவியில் மேலிருந்து நிறநிறமாகப் பொட்டுகள் இறங்கும். கீழே ஒரு கோடு. பொட்டு கோட்டைத் தொடும்போது அந்த நிறத் தட்டை அடிக்க வேண்டும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு.

முதல் நாளே தங்கப்பன் அடித்த அடியில் ஒரு குச்சி முறிந்து அலமாரிக்கு அடியில் போனது. அவன் சவுக்குக் கம்பு சீவி, நுனியில் சைக்கிள் டியூபைச் சுற்றிப் புதுக்குச்சி செய்துகொண்டான்.

"மேளத்த அடிக்கிறீங்களா, பாம்ப அடிக்கிறீங்களா?" என்றாள் அவன் மனைவி ராசாத்தி.

அவள் காலையில் கருவாட்டுக் கூடையோடு டவுனுக்குப் போய் மத்தியானம் திரும்புகிறவள். வந்தவள் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து, புருஷன் தப்புத்தப்பாக அடிப்பதைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தாள். பிறகு, "குடுங்க இப்புடி" என்று குச்சியைப் பிடுங்கி அவளும் தப்புத்தப்பாக அடித்தாள். அதற்கு அவன் சிரித்தான். அடுப்பில் டீ சுண்டிக் கரியானது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பகல் வேளையில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தது சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும்தான். மற்ற நாளில் அவன் கடலில், அவள் தெருவில். அவன் வந்தால் தூங்குவான், அவள் வந்தால் சமைப்பாள்.

தடைக்காலம் முடியப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலம்பு கோழிக்கறியோடு வந்தான்.

"அக்கா, தனி வூடு பாத்துட்டேன். கீழயும் ஆளு இல்ல, மேலயும் ஆளு இல்ல. மேளத்த எடுத்துக்கிட்டுப் போறேன்."

ராசாத்தி கறியை அலசுவதை நிறுத்தினாள். "இங்கனயே கெடக்கட்டுமேடா."

"இங்க கெடந்து என்னக்கா பண்ணும்? மாமா ஒரு பாட்டாவது முழுசா முடிச்சிருக்காரா?"

"முடிப்பேன் மாப்ள. கை இன்னும் பழகல" என்றான் தங்கப்பன்.

"ஒங்க கை நண்டு கடிச்ச கை மாமா. அதுல தாளம் நிக்காது." சிலம்பு டிவியைக் காட்டினான். மேல் வரிசையில் அவன் பெயரும் எண்பத்தோராயிரம் என்ற புள்ளியும் நின்றன. "அடுத்த ஞாயித்துக்கெழம வருவேன். என் முன்னாடி அடிச்சு இதத் தாண்டுங்க, மேளம் ஒங்களுக்கு. தாண்டலன்னா வண்டியில ஏத்திடுவேன்."

"பேச்சு மாறக் கூடாது" என்றாள் ராசாத்தி.

"ஒன் தலையில அடிச்சு சத்தியம்."

"ஒன் தலையில அடிச்சுக்கடா, என் தலையில கருவாட்டுக் கூட இருக்கு."

அன்று சாயங்காலமே பயிற்சி ஆரம்பித்தது. முப்பதாயிரம் தாண்டவில்லை. மறுநாள் முப்பத்திரண்டு. காலேஜ் படிக்கும் மகள் நிலா ஆட்டம் முடிந்ததும் திரையில் வந்த கணக்கைப் படித்துப் பார்த்தாள்.

"அப்பா, ஒண்ணு கவனிச்சீங்களா? தப்பு அத்தனையும் லேட்டு. ஒரு அடிகூட முந்தல. பொட்டு கோட்ட விட்டு எறங்குனப்புறம் அடிக்கிறீங்க."

"பாத்துத்தாம்மா அடிக்கிறேன்."

"பாத்துட்டு அடிக்கிறீங்க. அதான் தப்பு."

அவனுக்குப் புரியவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இத்தனை நாள் சோறு போட்ட கை திடீரென்று மந்தமாகிவிட்டதா என்று யோசித்தான்.

புதன்கிழமை மதியழகனின் போட்டைப் பெயிண்ட் அடிக்கக் கரைக்கு மேலே ஏற்றினார்கள். டிராக்டர் சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. கயிறு கட்டிக் கையால் இழுத்தார்கள். கருப்பையன் முன்னால் நின்று குரல் கொடுத்தான். குரல் கொடுக்கும் வேலைக்கு அவன்தான் ஆள். இழுக்கிற வேலைக்கு அவன் என்றைக்குமே ஆள் இல்லை.

"மதியழகன் வாங்குன பெயிண்டு..."

"ஏய் இழு!"

"பாதி டப்பா தண்ணி..."

"ஏய் இழு!"

"அவன் குடுப்பான் பிரியாணி..."

"ஏய் இழு!"

"அதுலயும் பீஸு இல்ல..."

"டேய், சொல்லி முடிச்சுட்டு நீயும் கொஞ்சம் இழுடா!" என்று மதியழகன் கத்தினான்.

மோர் கொண்டுபோன ராசாத்தி தூக்குவாளியை மணலில் வைத்துவிட்டு நின்றாள். தங்கப்பன் கயிற்றில் இரண்டாவது ஆள். கருப்பையன் சொல்லும்போது அவன் உடம்பில் ஒரு நரம்பு அசையவில்லை. சொல்லி முடிந்த பிறகு ஒரே வெட்டாக இழுத்தான். இம்மிகூட முந்தவில்லை, பிந்தவில்லை. முந்தி இழுப்பவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டில் கிடப்பான். பன்னிரண்டு வயதிலிருந்து அவன் உடம்பு கற்றது அதுதான். குரல் வரும்வரை நில். வந்ததும் இழு.

டிவியில் பொட்டு கோட்டைத் தொடுவதை அவன் குரலாக எடுத்துக்கொள்கிறான். அப்புறம்தான் அடிக்கிறான். போட்டில் அது சரி. மேளத்தில் தப்பு.

"மோர் எங்கடி?" என்றான் கருப்பையன்.

"நீ கத்துனதுக்கு மோரா? தண்ணி குடி" என்று சொல்லிவிட்டு வாளியை அங்கேயே விட்டு ராசாத்தி வீட்டுக்கு நடந்தாள்.

அன்று அவள் டிவிக்கு முன் புருஷனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டாள். "நீங்க பொட்டப் பாக்காதீங்க. நான் சொல்றேன், சொன்னதும் அடிங்க."

கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே பொட்டு இருக்கும்போதே அவள் குரல் கொடுத்தாள். "செவப்பு!" அடித்தான். கோட்டில் சரியாக விழுந்து பளிச்சென்றது. "மஞ்ச!" பளிச். பாட்டு வேகமெடுத்ததும் நாக்கு தடுக்கியது. செவப்பு என்று சொல்லி முடிப்பதற்குள் நீலம் போய்விட்டது. கருவாட்டுக்காரி கொஞ்ச நேரம் யோசித்து, தன் கூடையிலிருந்தே பெயர் எடுத்தாள். சிவப்புக்கு இறால். மஞ்சளுக்குப் பாறை மீன். நீலத்துக்கு நண்டு. பச்சைக்குக் கிளி மீன். கட்டைக்கு உதை.

"எறால் எங்கம்மா செவப்பா இருக்கு?" என்றாள் நிலா.

"வெந்த எறாலுடி. வாய மூடு."

சனிக்கிழமைக்குள் எழுபத்தைந்தாயிரம் வந்துவிட்டார்கள். அதற்கு மேல் ஏறவில்லை.

ஞாயிறு சிலம்பு சொந்தக்காரனின் மினி லாரியோடு வந்தான். செய்தி பரவி வாசலில் கருப்பையன், மதியழகன் முதல் பாதித் தெரு நின்றது. ராசாத்தி புருஷன் பக்கத்தில் உட்கார்ந்ததும் சிலம்பு எழுந்தான்.

"இது செல்லாது. ரெண்டு பேரு ஆடக் கூடாது."

"குச்சி யாரு கையில இருக்கு?"

"மாமா கையில."

"கட்டைய யாரு மிதிக்கிறா?"

"மாமாதான்..."

"நான் வாய வச்சிருக்கேன். வாய மூடச் சொல்லி ஒன் பொட்டியில எழுதியிருந்தா காட்டு."

வாசல் சிரித்தது. சிலம்பு உட்கார்ந்தான். அவன் எண்பத்தோராயிரம் எடுத்த அதே இங்கிலீஷ் பாட்டை நிலா போட்டுவிட்டாள்.

"எறால்! எறால்! நண்டு! உதை! பாறை, கிளி, பாறை, உதை!" ராசாத்தியின் குரல் டவுன் நேரு வீதியில் கூவினால் நாலாவது மாடிவரை கேட்கிற குரல். தங்கப்பன் கண் பாதி மூடியிருந்தது. கை மட்டும் விழுந்தது. ஐம்பதாயிரம். அறுபது. எழுபத்தைந்து. சிலம்பும் தன் மடியில் விரலால் தட்டி, அவள் சொல்லும் பெயர்களை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போது பின்னாலிருந்து கருப்பையன், "ஏ ராசாத்தி, கிளி மீனு கிலோ என்ன வெல?" என்றான்.

அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டது. "கி..." என்றாள், "கி..." என்றாள், புருஷன் தோளில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். குரல் நின்றது. தங்கப்பனின் இரண்டு குச்சியும் அந்தரத்தில் நின்றன. பொட்டுகள் அடிப்பாரில்லாமல் இறங்கின. ஒன்று. இரண்டு. மூன்று.

சிலம்புக்கு மனப்பாடமான பாட்டு. இந்த இடத்துக்காகவே அவன் கீழ்வீட்டைப் பகைத்துக்கொண்டான். அது வீணாகப் போவதைப் பார்க்க அவனால் முடியவில்லை. முட்டியை ஊன்றி எழுந்தே விட்டான்.

"கிளி மாமா, கிளி! எறால்! நண்டு, நண்டு! உதைங்க! பாறை! உதை, உதை, உதை!"

தங்கப்பனுக்கு எவன் குரல் என்பதெல்லாம் கணக்கில்லை. குரல் வந்தது, அடித்தான். கடைசி உதையில் கட்டை தரையோடு ஓரடி நகர்ந்தது. பாட்டு நின்றது.

எண்பத்தோராயிரத்து நானூறு.

தெரு கத்திய கத்தலில் மினி லாரி டிரைவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தான்.

"நான் சொல்லாம வுட்டிருந்தா தோத்திருப்பீங்க" என்றான் சிலம்பு. அவன் சட்டை முழுக்க வியர்வை.

"ஆமா மாப்ள, ஒன்னாலதான்" என்றான் தங்கப்பன். கையை இன்னும் இறக்கவில்லை.

ராசாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து அடிச்சுட்டுப் போடா. கறி மட்டும் நீ வாங்கிட்டு வந்துடு."

"லாரிய என்னக்கா பண்றது?"

"வந்ததுக்கு மதியழகன் பெயிண்டு டப்பாவ ஏத்திக்கிட்டுப் போவச் சொல்லு. பாதி தண்ணிதான், கனக்காது."

மதியழகன் வாசலிலிருந்து ஏதோ திட்டினான். யார் காதிலும் விழவில்லை. நிலா அடுத்த பாட்டைப் போட்டிருந்தாள். இந்த முறை குச்சி ராசாத்தி கையில். பக்கத்தில் சம்மணம் போட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தவன் தங்கப்பன்.

"எறால்!" என்றான். அவள் அதற்கு முன்பே அடித்துவிட்டிருந்தாள்.