அம்மியில் அரைத்த லத்தீன்

பெஞ்சமின் வாத்தியாருக்கு லத்தீன் வரவில்லை. கிரேக்கர் நாடகம், வடமொழிக் காவியம், சீனத்துப் பழம்பாட்டு என்று ஆங்கிலத்தில் படித்ததெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் லண்டனிலிருந்து தபாலில் பாடம் நடத்திய அந்தக் கல்லூரிக்காரர்கள் சும்மா விடுவார்களா? பண்டை உலக இலக்கியத் தாளில், லத்தீன் கவிதை முப்பது வரியைப் பார்க்காமல் எழுதவேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அந்த முப்பது வரி அவரை இரண்டு தடவை குப்புறத் தள்ளிவிட்டது. மூன்றாம் தடவையும் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் பட்டமாவது ஒன்றாவது! தினமும் தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுனில் படகு ஏறி, அக்கரையில் ரயில் ஏறி, புக்கிட் மெர்தாஜாம் பள்ளியில் சாகும்வரை வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான்.

ஒரு விடியற்காலையில் அவர் புத்தகமும் கையுமாய் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து கத்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி அமலம்மாள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் குழவியை நிறுத்தினாள்.

"என்னாங்க இது, கழுதைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி? இது நம்ம கோயில் பாஷைதானே?"

"ஒனக்கென்ன தெரியும்? கோயில் லத்தீன் வேற, இது பழைய ரோமாபுரிக் கவிதைலா."

"இருக்கட்டுமே. ஞாயித்துக்கிழமை பூசைப் பாட்டு முழுக்க நான்தான் எடுத்துக் குடுக்கறேன். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஒரு நாளாவது தப்பு விட்டிருக்கேனா? சொல்லுங்க, பாடிக் காட்டறேன்."

முழுகுகிறவனுக்குத் துரும்பும் துணைதானே! அவர் முதல் வரியைச் சொன்னார். அவள் அதைத் தனக்குத் தெரிந்த ஒரு கோயில் மெட்டில் போட்டு, குழவியையும் கூடவே ஓட்டினாள். நெட்டையாய் ஒரு இழுப்பு, குட்டையாய் இரண்டு தட்டு. மறுபடி நெட்டையாய் ஒன்று, குட்டையாய் இரண்டு. வாத்தியார் அப்படியே நின்றுவிட்டார். எந்த அசை நெடில், எந்த அசை குறில் என்று லண்டன் பேராசிரியர் மூன்று கடிதம் எழுதியும் விளங்காத சந்தம், மிளகாயோடு மிளகாயாக அம்மியில் கிடந்தது.

அன்று முதல் தினமும் ஒரு வரி. எல்லாம் நன்றாகத்தான் போனது, மெட்டைத் தவிர. நாலாம் நாள் பக்கத்து வீட்டு ஹபீபா பீவி தலையில் முக்காடும் கையில் கஞ்சிச் சட்டியுமாக, கண் கலங்க வந்து நின்றாள்.

"யாரு மவுத்து அமலம்மா? ஒங்க கோயில்ல பெட்டி தூக்குறப்ப பாடுவாங்களே, அந்தப் பாட்டு நாலு நாளா கேக்குதே! வாத்தியாரு எளச்சுக்கிட்டே வந்தாரு, நான் அப்பவே நெனச்சேன்..."

அந்த நேரம் பார்த்து, வாய் நிறையப் பல்பொடியோடு வாத்தியார் பின்கட்டிலிருந்து வந்தார்.

"யா அல்லாஹ்!" என்று ஹபீபா பீவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மவுத்து இல்லக்கா, பரீச்சை" என்றாள் அமலம்மாள், சிரிப்பை அடக்க மாட்டாமல். கொண்டுவந்த கஞ்சியை வீணாக்குவானேன் என்று செத்துப்போனவரே குடித்து முடித்தார்.

ஆறு மாதம் கழித்துப் பரீட்சை வந்தது. மற்றக் கேள்விகளை எழுதி முடித்து லத்தீனுக்கு வந்தபோது, இருபத்தோரு வரியோடு பேனா நின்றுபோனது. அடுத்தது என்ன? ஒன்றும் இல்லை, துடைத்துவிட்டாற்போல் இருந்தது. போச்சு, மூன்றாவதும் போச்சு என்று இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றினார். ஊன்றிய கை தானாக முன்னே போனது. நெட்டையாய் ஒரு இழுப்பு, குட்டையாய் இரண்டு தட்டு. மேசை கிரீச்சிட்டது. அமலம்மாளின் குரல் காதில் கேட்டது.

மேற்பார்வைக்கு நின்ற துரை பதறி ஓடிவந்தார். "என்ன மிஸ்டர் பெஞ்சமின், வயிற்று வலியா?"

"இல்லை சார், இருபத்திரண்டாவது வரி" என்று சொல்லிவிட்டு அவர் எழுத ஆரம்பித்தார்.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் அவர் அடுப்படியில் நின்றே உறையைக் கிழித்தார். தேறிவிட்டார். அமலம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆண்டவரே, ஒமக்குத் தோத்திரம்" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அது சரிங்க, ஆறு மாசமாப் பாடினேனே, அதுல அப்படி என்னதான் சொல்லியிருக்கு?"

அவருக்குச் சுருக்கென்றது. அட பாவி மனுஷா, இத்தனை நாளில் ஒரு நாளாவது அவளுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறாயா?

"ஒரு கப்பல்காரன்... பல வருசம் கடல்ல அலஞ்சு வீட்டுக்கு வரான். வாசல்ல நிக்கிற பொஞ்சாதிகிட்ட சொல்றான்." கடிதத்தைக் கீழே வைத்தார். "'காத்து என்னைக் கரை சேக்கல, துடுப்பும் சேக்கல. நீ அடுப்ப அணைய விடாம வச்சிருந்தே. அந்தப் பொகையப் பாத்துத்தான் நான் வந்தேன்'னு."

அமலம்மாள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு நல்ல வார்த்தைய நீங்க சொல்லாம, என்னையவா பாட வச்சீங்க?"

வாத்தியார் அவளைத் தோளைப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்தார். தாம் அம்மியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழவியை இரண்டு கையாலும் பிடித்து, அந்தக் கழுதைக் குரலில் முதல் வரியை எடுத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஹபீபா பீவி கத்தினாள். "அமலம்மா! இப்ப யாருக்குப் பரீச்சை?"

"பரீச்சையெல்லாம் முடிஞ்சிருச்சுக்கா" என்றாள் அமலம்மாள். "இது எனக்கு."