இருநூறு ஆம்ப்ஸ், பெடலோடு

கடையின் ஷட்டர் பாதி ஏறியிருந்தபோது மணி ஒன்பது ஐம்பது. கடை திறப்பது பத்து மணிக்கு. பஞ்சு எங்கேயும் பத்து நிமிடம் முன்னால் போய் நிற்பவர்.

பஞ்சு என்பது பஸ் டிப்போவில் வைத்த பெயர். ஸ்கூல் பஸ் ஓட்டி இருபத்தாறு வருஷம். டாஷ்போர்டில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாமல் பிரேக் போடுவார். பஞ்சு மேல் இறக்கி வைத்தது போல் இருக்கிறது என்று யாரோ சொல்லப்போய் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கூட வந்திருந்தவன் அதே டிப்போவில் மெக்கானிக். பஞ்சுவின் மனைவிக்குத் தம்பி.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி ஷேவ் எல்லாம் பண்ணியிருக்கீங்க மாமா," என்றான்.

"பொண்ணு பாக்க அரை மணி நேரம்தான் எடுத்துக்கிட்டேன். இதுக்கு ஆறு மாசம்."

"அந்த அவசரத்துலதான் எங்க அக்கா மாட்டினா."

பஞ்சு சிரித்துக்கொண்டே கையிலிருந்த நோட்டைப் புரட்டினார். யாரோ ஒரு பிள்ளை பஸ்ஸில் விட்டுவிட்டுக் கேட்டு வராத நோட்டு. முதல் நான்கு பக்கம் வாய்ப்பாடு. அதற்குப் பிறகு வெல்டிங் மிஷின்கள். எது எத்தனை கிலோ, எத்தனை வருஷ உத்தரவாதம், வீட்டுக் கரண்ட் தாங்குமா என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் முடிவு. இருநூறு ஆம்ப்ஸ். ஏசி, டிசி இரண்டும். பெடல் கண்டிப்பாக. கடைசி இரண்டு சொற்களுக்கு அடியில் இரண்டு கோடு.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் நிற்கும் அளவு ஷெட். பஸ் இல்லாத நேரமெல்லாம் அவர் அங்கேதான். பழைய குச்சி வெல்டிங் மிஷினை வைத்துக்கொண்டு வீட்டு கேட்டைச் செய்தார். மாடிப்படிக் கைப்பிடி செய்தார். தெருவில் பாதி வீட்டுக்கு ஏதோ ஒன்று செய்துகொடுத்திருக்கிறார். இப்போது படகு. ஏரியில் இரண்டு பேர் துடுப்புப் போட்டுப் போகிற சின்ன அலுமினியப் படகு. இரண்டு மில்லிமீட்டர் தகட்டை வெட்டி வளைத்து ஷெட் சுவரில் சாய்த்து வைத்தாகிவிட்டது. குச்சி வெல்டிங் அந்தத் தகட்டை அப்பளம் போல் பொத்துவிடும். டிக் வெல்டிங்தான் வேண்டும்.

"ஒரு கையில டார்ச், ஒரு கையில கம்பி," என்று ஆறு மாதமாக எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "சூட்டைக் கூட்டறதும் குறைக்கறதும் கால். கார் ஓட்டற மாதிரியே. இருபத்தாறு வருஷமா எனக்குச் சோறு போடறதே இந்தக் கால்தான். எனக்குன்னே செஞ்ச மிஷின் மாப்ளே அது."

"அக்காவுக்கு நீச்சல் தெரியாதுன்னு தெரிஞ்சுதானே படகு?"

"உங்க அக்காதான் பெயின்ட் கலர் எல்லாம் சொல்லிட்டா. நீ போய்ச் சொல்லிப் பாரு, வேணாம்னு."

ஷட்டர் முழுதாக ஏறியது.

உள்ளே மிஷின்களை ஓட்டிக் காட்ட ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள். பஞ்சு நோட்டை நீட்டினார். அவள் முழுதாகப் படித்தாள்.

"இவ்வளவு ஹோம்வொர்க் பண்ணிட்டு யாரும் வர்றதில்ல சார்," என்றாள். பிறகு கீழே பார்த்தாள். "ஷூதான் சரியில்ல. கான்வாஸ்ல யாராவது வெல்டிங் பண்ணுவாங்களா?"

"லேசா இருக்கும்மா. வயசாகுது, கனம் தூக்க முடியல."

மெக்கானிக்கும் அப்போதுதான் கவனித்தான். டிப்போவில் கனமான தோல் ஷூவைத் தவிர வேறு எதையும் போடாதவர். எப்போது மாற்றினார்? மழைக்காலத்துக்கு முன்னாலா, பின்னாலா? நினைவில்லை.

பின்னறையில் மேஜை மேல் மூன்று மிஷின்கள். அவள் முதல் மிஷினைப் போட்டாள். ஆர்கான் சிலிண்டரைத் திறந்தாள். பெடலைக் காலால் தள்ளிப் பஞ்சுவின் ஸ்டூலுக்குக் கீழே வைத்தாள். தகட்டுத் துண்டுகள் இரண்டை ஒட்டி வைத்தாள். அவர் முகமூடியை இறக்கினார்.

ஓசையில்லாத வெளிச்சம். மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான்கு நொடியில் அவள், "சார், சூடு, சூடு," என்றாள். தகட்டில் ஓட்டை.

"புது மிஷின். பழகணும்," என்றார் பஞ்சு.

இரண்டாவது துண்டிலும் ஓட்டை. மூன்றாவதில் தகடு உருகவே இல்லை. டார்ச்சின் டங்ஸ்டன் முனை கறுத்துப் போனது.

"பெடல் கட்டையா இருக்கு. திடீர்னு இறங்குது."

"பரவாயில்ல. அடுத்தது பாருங்க. அதோட பெடல் வேற கம்பெனி."

இரண்டாவது மிஷினிலும் அதே ஓட்டை. பஞ்சுவின் நெற்றியில் வியர்வை. மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. கேலி பண்ண இப்படி ஒரு வாய்ப்பு இருபது வருஷத்தில் கிடைத்ததில்லை. "பஞ்சுன்னு பேர் வெச்சவனைக் கூட்டிட்டு வரட்டுமா மாமா?" என்றான்.

"வாயை மூடிட்டு அந்தப் பக்கம் பாரு. கண்ணு போயிடும்."

அந்தப் பக்கம் பார்த்தான். அங்கே மிஷினின் முகப்பில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெடலில் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு ஆம்ப்ஸ். நாற்பது. நாற்பத்தொன்று. சட்டென்று நூற்று முப்பது. பிறகு முப்பத்தைந்து. மறுபடி நூற்று இருபது. பிரேக்கை உதைத்து உதைத்து ஓட்டும் கற்றுக்குட்டியின் கால் அது.

"காலை எடுங்க சார்," என்றாள் அவள்.

"எடுத்துட்டேன்."

எண் முப்பத்தைந்தில் நின்றது.

"எடுங்க."

"எடுத்துட்டேன்மா. மிஷின்தான் நிக்க மாட்டேங்குது."

"மிஷின் மேல பழி போடாதீங்க, அதுக்கு வாய் கிடையாது," என்று சிரித்தபடி அவள் குனிந்தாள். அதற்குள் எண் மேலே போனது. தகடு பொத்துக்கொண்டது. உருகிய அலுமினியம் ஒரு சொட்டு மேஜைச் சட்டத்தின் இடைவெளி வழியாகக் கீழே விழுந்தது.

விழுந்தது பஞ்சுவின் வலது ஷூ மேல். கான்வாஸ் புகைந்தது. கருகிய நாற்றம் வந்தது. பஞ்சு டார்ச்சைப் பிடித்தபடி தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கால்!"

"கால்ல என்ன?"

மெக்கானிக் பாய்ந்து தன் ஷூ முனையால் அந்தச் சொட்டைத் தட்டிவிட்டான். மிஷின் நின்றது. பஞ்சு முகமூடியைத் தூக்கிக் கீழே பார்த்தார். துணியில் விரல் நுழையும் அளவு ஓட்டை. அதற்குள் சாக்ஸிலும் ஓட்டை. அதற்குள் சிவந்த தோல்.

பார்த்தார். அதற்குப் பிறகு, "ஸ்ஸ்… ஆ," என்றார்.

அந்த "ஆ" தாமதமாக வந்தது. மிகவும் தாமதமாக.

அந்தப் பெண் தண்ணீர் கொண்டு வர ஓடினாள். மெக்கானிக் குனிந்து ஷூவைக் கழற்றினான். ஐந்து விரலையும் பிடித்துப் பார்த்தான். ஜில்லென்றிருந்தன. பஞ்சு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "சின்னச் சூடுதான், விடு," என்றார். பதினோரு வருஷமாக அவருக்குச் சர்க்கரை. மாத்திரையை மறப்பார், அக்கா கத்துவாள், இவன் நடுவில் நின்று சமாதானம் பண்ணுவான். லைசென்ஸைப் புதுப்பிக்கிறபோது கண்ணைப் பார்க்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். பாதத்தைத் தொட்டுப் பார்க்க அங்கே யாருமில்லை.

மெக்கானிக்கின் கண்முன் பஞ்சு ஓட்டும் ஒன்பதாம் நம்பர் பஸ் வந்தது.

பள்ளி திறந்ததிலிருந்து அந்த பஸ்ஸுக்கு இரண்டு முறை பிரேக் லைனிங் மாற்றிவிட்டான். ஒரு வருஷம் வர வேண்டிய லைனிங் ஆறு வாரத்தில் தேய்ந்து கருகி வந்தது. டிரம்மைக் கழற்றினான். வால்வைக் கழற்றினான். பாதி நாள் பஸ்ஸுக்கு அடியில் கிடந்தான். ரிஜிஸ்டரில் இரண்டு முறையும் டிரம் கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மற்ற எந்த டிரைவராக இருந்தாலும் முதல் நாளே கேட்டிருப்பான், பிரேக் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறாயா என்று. பஞ்சுவிடம் அதை எப்படிக் கேட்பது? யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் முன் சீட்டில் முட்டிப் பல் உடைந்தபோதும் யாரும் கேட்கவில்லை. நாய் குறுக்கே ஓடியது என்றார். நாய் என்றே எழுதிக்கொண்டார்கள்.

தண்ணீர் வந்தது. மருந்து போட்டுத் துணி கட்டினாள் அந்தப் பெண். வேலை முடிந்தும் எழுந்திருக்காமல், "சார், பெடல் இல்லாமலும் பண்ணலாம்," என்றாள். குரல் மெதுவாகியிருந்தது. "டார்ச்சிலேயே சின்னச் சக்கரம் வெச்சது ஒண்ணு இருக்கு. கட்டைவிரலால உருட்டணும். கால் பேசாம இருக்கலாம்."

மூன்றாவது மிஷின். பஞ்சு முகமூடியை இறக்கினார். கட்டைவிரல் நகர்ந்தது. மெக்கானிக் எண்களைப் பார்த்தான். ஐம்பது. எழுபது. எண்பது. எண்பதிலேயே நின்றது. மெல்ல இறங்கியது. அறுபது, நாற்பது, இருபது, அணைந்தது.

தகட்டில் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு விரல் நீளத் தையல். ஓர் ஓட்டையில்லை. அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "பத்து வருஷமா பண்றவங்களுக்கே இது வராது சார்."

பஞ்சுவின் முகம் மலர்ந்தது. நோட்டைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பெடல் கண்டிப்பாக என்ற வரியை நேர்க்கோடு போட்டு அடித்தார்.

"இதையே எடுத்துக்கறேன்," என்றார். "கால் இல்லேன்னா என்ன, விரல் இருக்கே."

பில் போட முன்னறைக்குப் போனார். லேசாகத்தான் நொண்டினார். நொண்டியது இடது கால். இரண்டடி போனதும் வலது காலுக்கு மாற்றிக்கொண்டார்.

மெக்கானிக் அங்கேயே நின்றான். பிறகு இரண்டாவது மிஷினின் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"இதை ஒரு தடவை போடும்மா. நம்பரை நீ சத்தமாப் படி."

முகமூடியை மாட்டிக்கொண்டு பெடலை அழுத்தினான். "முப்பது," என்றாள் அவள். "நாற்பது. ஐம்பது. ஐம்பது. அறுபது." கால் கேட்டதை எண் சொன்னது. ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு இறங்கியது, அதே போல் ஏறியது. எங்கேயும் தட்டவில்லை, எங்கேயும் சிக்கவில்லை. காலை எடுத்தான். உடனே அணைந்தது. பெடலைத் தூக்கித் திருப்பி அடிப்பக்கம் பார்த்தான். ஒயரைப் பார்த்தான். முதல் மிஷினின் பெடலையும் எடுத்து அப்படியே பார்த்தான். ஒரு திருகு தளர்ந்திருந்தால் போதும், அங்கேயே உட்கார்ந்து நிம்மதியில் ஓவென்று அழுதிருப்பான்.

"பெடல் நல்லாத்தான் இருக்குண்ணா," என்றாள் அவள்.

"தெரியும்."

"சார் என்ன வேலை பாக்கறார்?"

"பஸ் ஓட்டறார்."

"பெரிய பஸ்ஸா?"

"ஸ்கூல் பஸ்."

அவள் ஆர்கான் சிலிண்டரை மூடினாள். இறுக மூடிய பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

மிஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுபோய்க் காரின் பின்சீட்டில் வைத்தார்கள். பஞ்சு அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டார். தட்டிக்கொடுத்தார்.

"நான் ஓட்டறேன் மாமா. கால்ல கட்டு இருக்கு."

"உனக்கு கிளச் மேல ஜென்மப் பகை. என் மிஷின் வீடு போய்ச் சேராது. ஏறு."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். மெக்கானிக் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினான். தெருவில் ஒரு வண்டி போனது. பஞ்சு பெல்ட்டை மாட்டினார். கண்ணாடியைச் சரி செய்தார். பிறகு தலையைக் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுத்தார். இதை இவன் பல முறை கண்டிருக்கிறான். சீட்டுக்குக் கீழே எதையோ தேடுகிறார் என்று நினைத்திருந்தான்.

"ஏன் மாப்ளே மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? மிஷின் உனக்குப் பிடிக்கலயா?"

"மிஷின் நல்ல மிஷின்."

"படகுல முதல் ஆளா உன்னைத்தான் ஏத்தப் போறேன். மூழ்கினா நீ மூழ்கு."

சிரித்தார். இவன் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒன்பதாம் நம்பருக்கு இனிமே லைனிங் மாத்தப் போறதில்ல மாமா."

"ஏன்? டிரம்முல கோளாறுன்னியே."

"டிரம்முல ஒண்ணுமில்ல."

பஞ்சு சாவியைத் துவாரத்தில் வைத்தார். மெக்கானிக் தன் உள்ளங்கையை அந்தக் கை மேல் வைத்தான். தள்ளவில்லை, இழுக்கவில்லை; வைத்தான். சின்ன வயதில் இவனுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்த கை அது. திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு முதல் நிறுத்தம். கடைசி நிறுத்தம் தாண்டும்போது நாற்பத்திரண்டு பிள்ளைகள்.

"விடு மாப்ளே. உங்க அக்கா காத்துக்கிட்டிருப்பா. ஷெட்டுல இடம் ஒழிச்சு வெக்கிறேன்னா."

"போலாம். ஒரு நிமிஷம்தான்." என்றான் மெக்கானிக். "நேரா ரோட்டைப் பாருங்க மாமா. கீழ குனியக் கூடாது."

பஞ்சு அவனைப் பார்த்தார். பிறகு நேரே பார்த்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கண்ணாடிக்கு வெளியே தெரு காலியாக இருந்தது.

மெக்கானிக் கீழே பார்த்தான். ஓட்டை விழுந்த கான்வாஸ் ஷூ. அது எந்தப் பெடல் மேல் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்தது.

"இப்ப உங்க வலது கால் எது மேல இருக்கு, மாமா?"