எண்ணக்கூடிய ஆள்

ஒன்றாம் வகுப்புக்குக் கூட்டலை ஆட்களை நிறுத்தியே கற்பிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. இரண்டு பிள்ளைகளை இந்தப் பக்கமும் ஒருவனை அந்தப் பக்கமும் நிறுத்தி, தலையைத் தொட்டு எண்ணினேன். சாயங்காலமே பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா மாதம்மாள் வந்துவிட்டாள்.

"பெத்த புள்ளைங்கள யாராச்சும் தலை எண்ணுவாங்களா சார்? எண்ணுனா கொறஞ்சிடாதா?"

மறுநாள் எங்கள் வத்தல்மலைப் பள்ளிக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். கூட்டல் வராவிட்டால் பள்ளியை மூடிவிடுவார். நான் சொந்த ஊரான கம்பைநல்லூருக்கே திரும்ப வேண்டியிருக்கும். என் மனைவி ஞானமேரி இறந்ததிலிருந்து அங்கே எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள்.

ஊர்க்காரர்களைக் கூட்டிக் கேட்டேன்.

"ஆட்டை நிறுத்தலாமா?"

"ஆடும் கொறையுங்க."

"புளியங்கொட்டை?"

"காயிதத்துல ஆளுன்னுதானே போட்டிருக்குது?"

ஊர்ப் பெரியவர் ஆண்டிதான் வழி சொன்னார். "நம்ம சாரையே எண்ணலாமே. சம்சாரம் போயாச்சு, புள்ளகுட்டி இல்ல. இனி அவருக்குக் கொறைய என்னா இருக்குது?"

எல்லோருக்கும் நிம்மதி. அவர் வாதத்தில் எனக்கும் பிழை தெரியவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். கதவருகே நின்றேன். "ஒண்ணு" என்றார்கள். ஓடிப்போய்க் கரும்பலகை அருகே நின்றேன். "ஒண்ணு."

"ரெண்டையும் கூட்டினா?"

"ஒண்ணு."

மாதம்மாளின் மகள் பாஞ்சாலி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஓடுனா ரெண்டு ஆளாயிடுவீங்களா சார்?"

வியாழக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று பார்த்தார்.

"என்னய்யா இது?"

வேடிக்கை பார்க்க வந்திருந்த மாதம்மாள் விளக்கினாள். அவர் சத்தமாகச் சிரித்தார். என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப எண்ணு பாப்பா."

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்களா?" என்றாள் பாஞ்சாலி.

"நாலு பேரு. நீ எண்ணு."

மாதம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாஞ்சாலி இரண்டு விரலை நீட்டினாள்.

"சபாஷ்" என்று பேனாவை எடுத்தார். எழுதவில்லை. மூடியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, இதுக்கு மாத்து ஏதாச்சும் உண்டா?"

"எண்ணுனவளே எடுத்துடணுங்க."

அவர் என்னைவிட்டு விலகிச் சுவரோரம் போனார். பாஞ்சாலி ஒரு விரலை மடக்கினாள்.

"சார் மட்டும் ஒண்ணு."

'கூட்டல், கழித்தல் இரண்டும் திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பள்ளி தப்பியது. எல்லோருக்கும் கைகொடுத்து விடைபெற்றவர், என் கையை மட்டும் தொடாமல் மலையிறங்கினார்.