முப்பத்தைந்து நிமிட விமானத்தில் காபி

சாலை வழியே போனால் மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும் ஊருக்கு, விமானம் முப்பத்தைந்து நிமிடத்தில் போய் நிற்கும். பயணிகளுக்குக் கொண்டாட்டம், பணிப்பெண்ணுக்குத் திண்டாட்டம். ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம் போக மிஞ்சுவது கால் மணி. அதற்குள் எழுபது பேருக்கும் காபி கொடுத்து, கோப்பைகளையும் திரும்ப வாங்கியாக வேண்டும்.

வீட்டில் இன்னமும் பாப்பா என்றே அழைக்கப்படும் அவள் இரண்டு வருடமாக அதைச் செய்துவருகிறாள். ஒரு வரிசையைக்கூட விட்டதில்லை என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, உழைத்து வந்த தலைக்கனம்தானே!

இன்று கடைசி வரிசையில் அண்ணன். ஓட்டல் முதலாளி. "எவனோ குடிச்ச கோப்பையப் பொறுக்க வானத்துக்கா போகணும்? என் கல்லாவுல வந்து உக்காரட்டும்" என்று அம்மாவைக் கரைத்து வைத்திருந்தார். அவர் நேரில் பார்த்து வேண்டாம் என்றால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு. பாப்பாவும் ரோஷத்தில் சரி என்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

முன்பக்கம் பாதி வரிசைகள் முடிவதற்குள் விமானம் உதறியது. பெல்ட் விளக்கு எரிந்தது. பணிப்பெண்களும் உடனே உட்காரும்படி கேப்டனின் குரல் வந்தது. அவள் காபி வண்டியைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு விரைந்தாள். வழியை அடைத்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு அண்ணன் நின்றார்.

"இன்னும் பாதிப் பேருக்கு வரலையே பாப்பா! பாதியில நிறுத்துனா தொழிலுக்கே அவமானம். நீ அந்தப் பக்கம் பாரு, இந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன்."

"சார், உக்காருங்க."

"யாருக்குடி சாரு? அந்தக் கோப்பையக் குடு!"

"உக்காருங்கன்னு சொன்னேன்! பெல்ட்டப் போடுங்க!"

அண்ணனை அதட்டக்கூடிய ஆள் அந்தக் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் பொத்தென்று உட்கார்ந்தார்.

அவள் வண்டியை உள்ளே தள்ளிப் பூட்டினாள். தன் இருக்கையில் பெல்ட்டை மாட்டிய மறுகணம், கயிறு நழுவிய வாளி போல விமானம் இறங்கியது. எங்கும் கூச்சல். அவள் மைக்கை எடுத்தாள். "பயப்பட வேண்டாம். பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருங்கள்." அதே குரலில் மூன்று முறை சொன்னாள். கூச்சல் அடங்கியது. அண்ணன் கைப்பிடியை இறுகப் பற்றியபடி, பின்னால் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போனது போனதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அதட்டியதற்காகத் துளியும் வருத்தப்படவில்லை.

தரை இறங்கியதும் வாசலில் நின்று எல்லோருக்கும் நன்றி சொன்னாள். அண்ணன் அத்தனை பேரையும் முன்னே விட்டுவிட்டு, காதில் போனோடு கடைசியாக வந்தார்.

"காபியா? எனக்கு வரலம்மா. அத விடு. எழுபது பேரு அலறுறாங்க, உன் பொண்ணு மட்டும் அசையல. என்னையே அதட்டி உக்கார வெச்சுட்டாம்மா! நானும் உக்காந்துட்டேன்னா பாத்துக்கோ!"

ஏதோ பரிசு வாங்கிய பூரிப்பு அவர் முகத்தில். அண்ணன் அவள் தலையில் கைவைத்து, போனில் தொடர்ந்தார்.

"கல்லாவுக்கு வேற ஆளப் பாக்கறேன். இவ அங்க வந்து உக்காந்தா நான் முதலாளியா இருக்க முடியாதும்மா."